பக்கத்து டிவிசன் பிள்ளை

போன மாதம் என் மகளின் பாலர் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்கு. பதுளை டவுனில் நான் வேலை செய்யும் புடவைக் கடையின் முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, வீடும் பாடசாலையும் இருக்கும் ஹாலிஎலைக்குத் திரும்பி ஓடினேன். எங்கிருந்தோ ஒரு மேடத்தைப் பேசக் கூட்டி வந்திருந்தார்கள். பிள்ளைகளோடு தினமும் அரைமணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். கையில் போனை வைத்துக்கொண்டு பேசக்கூடாது, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையாட்ட வரவில்லை.

எழுந்து நின்று கேட்டுவிட்டேன். "எந்த அரைமணி நேரம்னு நீங்களே சொல்லுங்க மேடம். காலையில பிள்ளை தூக்கக் கலக்கத்துல இருக்கா. நான் கடை விட்டு வந்து சோறாக்கி முடிக்கையில மறுபடி தூங்கிடுறா. நடுவுல நான் யாரோ ஒருத்தர் கல்யாணத்துக்குச் சேலை விரிச்சுக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடத்துக்குக் கோபம் வரவில்லை. நேரம் பெரிதில்லை, மனம்தான் வேண்டும், மனம் இருந்தால் ஐந்து நிமிடம்கூடப் போதும் என்று பொறுமையாக விளக்கினார்.

ஐந்து நிமிடத்தில் வளர்ந்தவள் நான். எனக்கு அதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஐந்து நிமிடத்தையும் பிடுங்கிக்கொண்டு போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் இந்த மேடத்தைப் போல நல்லவர்கள்தான். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் வந்தார்கள்.

நாங்கள் இருந்தது நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில். தோட்டத்தை டிவிசன் டிவிசனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி லயம் கட்டியிருந்தார்கள். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றினார். சனிக்கிழமை பின்னேரம் சட்டையெல்லாம் லீக்ஸ் வாடையோடு வந்து இறங்குவார், ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறிவிடுவார். அந்த ஞாயிறிலும் அம்மா கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பார்த்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் அம்மா விடியுமுன்பே எழுந்து சமைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருக்கும் தங்கச்சியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பராவில் விடுவாள். வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் வைத்திருக்கும் இடம் அது. அங்கிருந்து பெரட்டுக்கு ஓடுவாள். இன்றைக்கு எந்த மலையில் வேலை என்பதைப் பெரட்டில்தான் சொல்வார்கள். சொன்ன கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். வேலை முடிந்து வந்தால் தண்ணீர், விறகு, அடுப்பு. எங்களோடு பேசத்தான் செய்தாள். நகரு, பிடி, கழுவு, படு. இதைப் பேச்சு என்று சொல்ல முடியுமானால் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது.

மூன்று மணித் தேத்தண்ணி மட்டும் வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தேத்தண்ணி ஊற்றிப் போத்தலில் அடைத்துக்கொண்டு, காலையில் சுட்ட ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு, பிள்ளைக் காம்பராவுக்குப் போய் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவேன். எங்கள் லயத்தில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் அது வேலை. அம்மா எந்த மலையில் நிற்கிறாள் என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவிடம் கேட்டால் தெரியும். அம்மா நிரையை விட்டு வெளியே வரமாட்டாள். கூடையை இறக்காமல், செடிகளுக்கு நடுவில் நின்றபடியே போத்தலை வாங்கிக் குடிப்பாள். கை கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்திருக்கும், அதனால் ரொட்டியை நான்தான் பிய்த்து வாயில் வைப்பேன். அவ்வளவு நேரமும் தங்கச்சி பேசுவாள்.

அவளுக்கு அப்போது நாலு வயது. பகல் முழுவதும் வாயைத் திறக்காத பிள்ளை. ஆயம்மாவே சொல்வார், இது என்ன பிள்ளையோ, பசிக்குதுன்னுகூட கேக்க மாட்டேங்குது என்று. பாதையில் நான் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "ஒனக்கில்ல. அம்மாவுக்கு வச்சிருக்கேன்" என்பாள். செடி கிழிக்காமல் அம்மா இடுப்பில் கட்டியிருக்கும் படங்கைக் கண்டதும் கொட்டுவாள். ஆயம்மா தும்மியபோது பல்செட் கஞ்சிப் பானைக்குள் விழுந்தது, ஒரு பையன் மூக்குக்குள் பருப்பைப் போட்டுக்கொண்டது, காகம் வந்து யாருடைய பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது, எல்லாம். அம்மா வாய் நிறைய ரொட்டியோடு சிரிப்பாள். பக்கத்து நிரையில் நிற்கிற பெண்களும் கையை நிறுத்தாமல் காது கொடுப்பார்கள். "என்னடி, இன்னைக்கு என்ன நியூஸ்?" என்று அந்தப் பக்கமிருந்து யாராவது கேட்பார்கள். கங்காணி தொண்டையைச் செருமுவார். நாங்கள் இறங்கிவிடுவோம்.

ஒரு நாள் தோட்டத்தைப் பார்க்க வெளியாட்கள் வருவதாகச் சொன்னார்கள். தேயிலையை வெளிநாட்டில் நல்ல பெயரோடு விற்க ஏதோ சான்றிதழ் வேண்டுமாம். வேலை செய்யும் மலைக்குள் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பது அதற்கு ஒரு சட்டம். பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. நாங்கள் தேத்தண்ணி கொண்டு போனோம்.

இந்தச் செய்தியை அன்று காலைப் பெரட்டில்தான் சொன்னார்கள். எந்தப் பொம்பளையின் பிள்ளை மலையில் கண்ணில் படுகிறதோ அவளுக்கு இனி வேலை இல்லை என்று கங்காணி சத்தம் போட்டிருக்கிறார். அந்த நேரத்துக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். அம்மா யாரிடம் சொல்லி அனுப்புவது? லயத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளோடு பெரட்டில்தான் நின்றார்கள். ஆயம்மா பிள்ளையைத் தடுத்து வைத்துக்கொள்வார் என்று நம்பியிருக்கிறாள்.

ஆயம்மாவுக்கும் சொல்லியிருந்தார்கள், அவரும் சொன்னதைச் செய்யத்தான் பார்த்தார். ஆனால் வந்தவர்கள் காலையிலேயே பிள்ளைக் காம்பராவைப் பார்த்து, போட்டோ எடுத்து, ஆளுக்கொரு டொபி கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இனி ஃபெக்டரியைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிவிடுவார்கள் என்று ஆயம்மா நினைத்தார். நான் போனபோது, "அவங்க எல்லாம் போயிட்டாங்க, நீ கூட்டிட்டுப் போ" என்றார். தங்கச்சி கையை மூடி வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன். வழக்கமான பதில்தான். அம்மாவுக்கு.

வளைவு திரும்பியதும் மலைக்கு நடுவில் அவர்களைப் பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா, கூடவே தமிழ் பேசும் ஒரு ஐயா, தோட்டத்துப் பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை, கங்காணி. பெண்கள் எல்லோரும் புதுப் படங்கு கட்டியிருந்தார்கள். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. நின்றேன். தங்கச்சி என் கையை உதறிவிட்டு ஓடினாள். செடிகளுக்குள் புகுந்து நேராக அம்மாவின் நிரைக்குப் போய், படங்கைப் பிடித்துக்கொண்டு கையைத் திறந்தாள். அதே டொபி. கடதாசிகூடப் பிரிக்கவில்லை.

வெள்ளைக்காரம்மா சிரித்தபடி ஏதோ கேட்டார். அந்த ஐயா தமிழில் கேட்டார். "இது யாருடைய பிள்ளை?"

கங்காணி அம்மாவைப் பார்த்தார். சின்னத்துரையும் பார்த்தார். அந்த ஐயா அம்மாவிடமே திரும்பி, "உங்க பிள்ளையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் அம்மா. "தெரியாதுங்க. பக்கத்து டிவிசன் பிள்ளையா இருக்கும்."

சொல்லும்போது அவள் கை நிற்கவில்லை. இரண்டு கையும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தன. தங்கச்சி படங்கை விடாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். கங்காணி வந்து அவள் விரல்களைப் பிரித்துவிட்டார். நான் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு இறங்கினேன். போத்தலை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதி வழியில் நின்று கையை நீட்டினாள். "இந்தா, ஒனக்கு" என்றாள். வாங்கி யூனிபோம் பொக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை அம்மா கூடையோடு வாசலில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். வேலை போய்விடும் என்று பயந்து சொன்னேன் குட்டி, நீ என் பிள்ளைதான், வேறு யாருடைய பிள்ளை என்றெல்லாம் சொன்னாள். நாலு வயதுப் பிள்ளைக்கு வேலை என்றால் என்ன, சான்றிதழ் என்றால் என்ன? அடுப்பில் வைத்த பானை பொங்கியது. அம்மா எழுந்து போனாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த நாளும் பெரட்டு இருந்ததே.

சனிக்கிழமை அப்பா வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளையைச் சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, பக்கத்து டிவிசன்லேருந்து யாரு வந்திருக்கிறது? தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். லயத்துச் சனம் அதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து டிவிசன்காரி வாறா, பக்கத்து டிவிசனுக்கு ரொட்டி வேணுமா என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அம்மாவும் முதல் நாள் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அப்படிச் சொன்ன பெண்ணின் குடத்தைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

மலையில் அது நடந்த வாரமே அம்மா துணி துவைக்கும்போது என் பொக்கெட்டில் டொபி உருகி ஒட்டியிருந்ததைக் கண்டாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். அம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள்.

மலை ஏறும் பாதையில் போர்ட் வைத்தார்கள். வேலைத்தளத்துக்குள் சிறுவர்கள் நுழையத் தடை. தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் எழுதி, பிள்ளை ஒன்றின் படம் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். தோட்டத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. அம்மா காலையிலேயே தேத்தண்ணியைப் போத்தலில் எடுத்துப் போய் மூன்று மணிக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குடித்தாள். தங்கச்சி பிள்ளைக் காம்பராவில் மாலை வரை இருந்தாள். கூட்டி வரும்போது என்ன நடந்தது என்று நான் கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். அம்மாவுக்கு வைத்திருப்பதாகச் சொல்லமாட்டாள். அம்மா கேட்டாலும் அதே பதில்தான். ஊமைப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள், கூட்டாளிகளோடு சிரித்துப் பேசினாள். அம்மாவிடம் மட்டும் கேட்டதற்குப் பதில். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

பிள்ளைகளோடு பேச மனம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் முன்னால் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு ஆசை. அவள் கறுத்த விரல்களைக் காட்டி, இதில் எது மனம் இல்லாத விரல் என்று கேட்க ஆசை. கேட்டால் அவர்களும் வருத்தப்படுவார்கள். வருத்தப்பட்டுவிட்டு அடுத்த பாடசாலைக்குப் போவார்கள்.

இப்போது அப்பா இல்லை. முழங்கால் போன பிறகு அம்மா வேலையை விட்டுவிட்டாள். தங்கச்சி பண்டாரவளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே அறை எடுத்திருக்கிறாள். பௌர்ணமிப் போயாவுக்கு லீவு. இந்த மாதப் போயாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து தோட்டத்துக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நடந்தால் அந்த போர்டைத் தாண்டித்தான் போக வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் மகளைப் பற்றி, அவள் ஓயாமல் பேசுவதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். தங்கச்சி நடையை நிறுத்தாமலே, "இந்த மலையிலதான அம்மா என்னைத் தெரியாதுன்னு சொன்னது" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சொன்னாள். பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே ஏறினாள்.

மூன்று மணிக்கு அம்மா தேத்தண்ணி ஊற்றினாள். இப்போது அவளுக்கு நேரம் இருக்கிறது. காலை முழுவதும், பகல் முழுவதும் நேரம். தங்கச்சி உள் காம்பராவில் கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கோப்பையையும் ரொட்டியையும் கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடையில் என்ன நடந்தது, முதலாளி எப்படி, கூட வேலை செய்கிற பிள்ளைகள் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நல்லம், பரவாயில்ல, ஒன்னுமில்ல என்று பதில் வந்தது. கடைசியில், "அங்க வச்சிடும்மா, குடிக்கிறேன்" என்றாள் தங்கச்சி.

அம்மா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். உள்ளே கேட்காத குரலில், "அன்னைக்கு மலையில நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள்.

அன்று மாலைக்குப் பிறகு இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"நாலு வயசுப் பிள்ளைக்கு எங்கம்மா ஞாபகம் இருக்கப் போகுது" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. உள்ளே போய், தொடாமல் ஆறிப்போயிருந்த கோப்பையை எடுத்து வந்து, அடுப்பில் மறுபடி சூடு காட்டி, திரும்பவும் உள்ளே கொண்டு போனாள்.