பதிவேட்டில் தந்தையர், படத்தில் மைந்தர்

ரொறன்ரோ வாழ் தமிழ் மக்களே! முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கூடியிருக்கும் தாய்மாரே, தோழரே! மறைந்த பெருமகனைப் போற்றுவதற்கு என்னை அழைத்தீர்கள். போற்றுவேன். ஆனால் அவர் நெஞ்சில் எரிந்த முறைப்பாட்டை முதலில் உங்கள் முன் வைப்பேன்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு நெசவு நகரம். அங்கே மூடிப்போன பஞ்சாலை ஒன்று இன்று அருங்காட்சியகம். அதன் சுவரில் ஓர் ஒளிப்படம். தறிகளின் முன்னே பத்தொன்பது தொழிலாளர். கீழே பன்னிரண்டு ஆங்கிலப் பெயர்கள். அவற்றின் பின்னே "மற்றும் பிறர்" என்று இரண்டு சொற்கள். அந்தப் பிறர் எழுவரும் தமிழர்! அவருள் ஒருவர் நாம் எரியூட்டிய நல்லையா குணரத்தினம். பதினெட்டு ஆண்டுகள் தறி ஓட்டியவரை இரண்டு சொற்களுக்குள் மூடிவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

செய்தி வந்த காலையில் மில்லிக்கனில் என் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். மனைவி தொலைபேசியை வெளியே கொண்டுவந்து நீட்டினார். குணரத்தினம் அண்ணையின் மகள் வதனி பேசினாள்.

"அங்கிள், அப்பா எங்களை விட்டுட்டுப் போட்டார்."

மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினேன். அவளே தொடர்ந்தாள்: "மியூசியத்துக்கு எழுதின கடிதம் பாதியில கிடக்கு. அதை என்ன செய்யிறது?"

தந்தை போய் ஒரு மணி நேரத்தில் மகள் கேட்ட வினா அது.

அவரை நான் முதலில் கண்டது ஸ்காபரோவில் ஒரு விழாவில். மூவேந்தர் புகழை முழங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். கைத்தட்டல் ஓயுமுன் ஒல்லியான ஒருவர் வழிமறித்தார்.

"நல்லாப் பேசினீர், தம்பி. ஆனா கடைசி வரிசையில நிண்ட ரெண்டு பேர் என்ன கதைச்சவை தெரியுமோ? உவன் இறங்கினாத்தான் வடை வருமாம்."

"அவ்வளவு தூரத்தில் இருந்தவர்கள் பேசியது உங்களுக்கு எப்படிக் கேட்டது?"

"கேக்கேல்லை. பாத்தனான்."

நூற்றுக்கணக்கான தறிகள் அதிரும் கூடத்தில் காது உதவாது. நெசவாளர் உதட்டசைவைப் பார்த்தே உரையாடுவர். பக்கத்துத் தறியில் நின்ற ஆங்கிலப் பெண்கள் அவருக்கு அதைப் பழக்கிவிட்டிருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதைச் சொல்லக் கைதட்டுறாங்கள். முப்பது வருசத்துக்கு முந்தி நாங்கள் நிண்ட இடத்தை ஆர் கேக்கிறான்?"

சினம் வந்தது எனக்கு. அடுத்த கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டியவனும் நான்தான்.

அப்போது அவர் படத்தின் கீழே பெயர் பொறிக்கச் சொல்லி அருங்காட்சியகத்தோடு மடற்போர் நடத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே விடை வந்தது: குணரத்தினம் என்று எவரும் ஆலைப் பதிவேட்டில் இல்லை. "அப்ப படத்தில நிக்கிறது பேயோ?" என்று கேட்டுப் பதிவேட்டின் படியை அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு கோப்பிக் கடையில் இருவருமாகத் தாள்களைப் புரட்டினோம். திடீரென்று மேசையில் அடித்துச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இஞ்ச பாரும், என்ர அப்பர்!"

பதிவேட்டில் இருந்தது அவர் தந்தையின் பெயர்: நல்லையா, நெசவாளர்.

"அப்பர் கப்பலைக் கண்ணாலையும் காணேல்லை. நான் வெளிக்கிட முந்தியே செத்துப்போனார். மனுசன் செத்தாப்பிறகு இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருசம் தறி ஓட்டியிருக்கிறார்!"

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த நாளில் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. குடும்பத்தின் பெயர் தந்தையின் பெயர்தானே என்று அதை எழுதினார் இவர். பின்னே நின்ற அறுவரும் இவர் தாளை எட்டிப் பார்த்து அவ்வாறே தத்தம் தந்தையின் பெயரை எழுதினர். எழுவரின் சொந்தப் பெயர்களையும் நீளம் என்று ஆலை எழுத்தர் விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஓய்ந்திருந்த ஏழு தந்தையர் ஆங்கில ஆலையில் கூலியாட்கள் ஆனார்கள். உழைத்த மைந்தரோ இல்லாதவர் ஆனார்கள்.

"பிழை எங்கட," என்றார் அண்ணை. "ஆனா நெய்த சீலையில பிழை இல்லை."

உண்மையை எழுதியனுப்பினோம். அருங்காட்சியகம் இறங்கி வந்தது. படத்தில் நிற்பவர் பதிவேட்டில் உள்ள இன்னாரின் மகன் என்று ஒவ்வொருவருக்கும் உறவினர் ஒருவர் கையெழுத்திட்டால் முழுப்பெயரையும் பொறிப்போம் என்றது. மற்ற அறுவரும் மறைந்துவிட்டார்கள். அவர்களின் உறவினரோ இந்நகரிலும் சுற்றிலும் இருக்கிறார்கள். வெற்றி கையில் என்று நினைத்தோம்.

மன்னார்க்காரர் ஒருவரின் தங்கை படத்தைக் கண்டதும் பேனையை வாங்கினார். "யேசுநாதரே தச்சுவேலை செய்தவர். என்ர அண்ணன் தறி ஓட்டினா என்ன?" வதனி தன் தந்தைக்காகக் கையெழுத்திட்டாள். இன்னும் இரு குடும்பத்தார் இட்டார்கள். பிறகு பிக்கரிங்கில் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் படத்தில் தன் தமையனை உடனே கண்டுகொண்டார். கண்டதும் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"குறை நினையாதேயுங்கோ, அண்ணை. எங்கட அண்ணர் எஞ்சினியர் எண்டுதான் ஊருக்கு எழுதினவர். கலியாணமும் அப்பிடிச் சொல்லித்தான் நடந்தது. இப்ப மில்லுக்காரன் எண்டு சுவரில போடச் சொல்லுறியளோ?"

"நானும் எஞ்சினியர் எண்டுதான் எழுதினனான்," என்றார் குணரத்தினம் அண்ணை. "ரெண்டு பேரும் ஒரே மேசையில இருந்துதான் எழுதினம். அந்தத் தறிதான், ஐசே, உம்மைப் படிப்பிச்சது!"

வீட்டுக்காரர் கையெழுத்திடவில்லை. வேறு இரு குடும்பத்தாரும் அதே கதையைச் சொல்லிக் கதவை மூடினார்கள். திரும்பும் வழியில் காருக்குள் அண்ணை ஒன்றே ஒன்று சொன்னார்: "வெள்ளைக்காரன் பேர் தெரியாமல் விட்டான். எங்கட ஆக்கள் தெரிஞ்சு விடுகினம்."

ஒஷாவாவில் கார் உறுப்புப் பொருத்துகின்ற தோழரே, நகரின் உணவகங்களில் கோப்பை கழுவுகின்ற தம்பியரே, நீங்கள் ஊருக்கு என்ன எழுதுகிறீர்கள்? உங்கள் வேலையை நீங்களே மறைத்தால், இந்நகரின் வரலாற்றை எழுதுகிறவன் உங்களை எங்கே தேடுவான்? உழைத்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. உழைத்தவன் பெயரை மறைப்பவன் குனியட்டும்!

குணரத்தினம் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய விடாப்பிடி. ஆளின் பெயரைச் சொல், செய்த வேலையையும் சேர்த்துச் சொல் என்ற விடாப்பிடி. அவர் பாதியில் விட்ட மடலை வதனியின் இசைவோடு நானே எழுதி முடித்திருக்கிறேன். திங்கட்கிழமை அது அஞ்சலில் போகும். நான்கு கையெழுத்துகள் இருக்கின்றன. மூன்று கோடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

அந்த மூவரின் பெயர்களையும் நான் அறிவேன். இங்கே சொல்லமாட்டேன்; சொல்லவேண்டியவர்கள் நீங்கள். மூன்று குடும்பத்தாரும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறீர்கள். தேநீருக்குப் பிறகு வருகிறேன், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்ற பேச்சு இனி வேண்டாம். மடல் இதோ. பேனை இதோ. எழுந்து வந்து, உங்கள் அண்ணனின் பெயரை வாய்விட்டுச் சொல்லி, இப்போதே கையெழுத்திடுங்கள்!