தொண்ணூறு கிலோவுக்குள்

எனக்கு இரக்கம் கொஞ்சம் கம்மி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, நீயா இப்படி என்று கேட்கக் கூடாது. ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், பகலிலும் டியூப் லைட் எரியும் லேபில், ரத்தம் எடுப்பது என் வேலை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவள் என்று பெயர் வாங்கியவள்தான். ஆனால் டோக்கனை மூஞ்சிக்கு நேராக ஆட்டி அதட்டுகிறவர்களுக்கு மட்டும், நரம்பு கிடைக்கவில்லை என்று சொல்லி இரண்டாவது தடவையும் குத்துவேன். அவர்கள் பல்லைக் கடிப்பதைப் பார்த்தால் மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

சோறு என்றதும் உடம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் குண்டு. பூசினாற்போல இருக்கிறாள் என்று அம்மா சொல்வாள், அது பெற்றவள் சொல்லும் பொய். பெங்களூர் மர்பி டவுனில் ஒரே தெருவில் மூன்று பேர் ஒன்றாக வளர்ந்தோம். ஒருத்தி இப்போது அல்சூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். இன்னொருத்தி நர்சரி பள்ளியில் டீச்சர். மூன்றாவது நான். பார்லர்க்காரி முடிவெடுப்பாள், டீச்சர் தலையாட்டுவாள், அவர்கள் இருவரும் சிரிப்பதற்கு நான் இருப்பேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரிப் புடவை கட்டுவோம். ரவிக்கைத் துணியையும் ஒரே தானிலிருந்து, ஒரே துணிச்சுருளிலிருந்து, கிழிப்போம். சிவாஜிநகரில் அதற்கென்று ஒரு கடை உண்டு. அளவு சொல்லும் நேரம் வந்ததும் பார்லர்க்காரி குரலை உயர்த்துவாள். "பாய், இவளுக்கு மட்டும் கால் மீட்டர் ஜாஸ்தி போடுங்க." கடையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் திரும்பி, அந்தக் கால் மீட்டர் எங்கே போகப்போகிறது என்று என் மேல் தேடுவார்கள். பிற்பாடு நான் தனியாகப் போனாலும் அந்த பாய் கேட்காமலேயே கால் மீட்டர் தள்ளித்தான் கத்தரியை வைத்தார்.

சிவாஜிநகரில் மாதா திருவிழாவுக்கு ராட்டினம் போடுவார்கள். எட்டாவது படிக்கும்போது மூவரும் ஏறி உட்கார்ந்தோம். ராட்டினக்காரர் வந்து பார்த்துவிட்டு, பெட்டி ஒரு பக்கமாகச் சாயுது என்று என்னை மட்டும் இறக்கிவிட்டார். அவர்கள் மேலே போனார்கள். நான் கீழே நின்று அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டேன். உச்சிக்குப் போனதும் இருவரும் எனக்குக் கையசைத்தார்கள், நானும் அசைத்தேன்.

துபாய் போகலாம் என்று ஆரம்பித்தவளும் பார்லர்க்காரிதான். மூன்று பேருக்கும் நாற்பது ஆகப்போகிறது, புருஷன் பிள்ளைகள் இல்லாமல் ஒரு தடவையாவது எங்காவது போய்வர வேண்டும் என்றாள். வானத்தைத் தொடும் கோபுரம், தங்கக் கடைத்தெரு, பாலைவனத்தில் ஜீப், கடைசி நாள் காலையில் ஸ்கைடைவிங். பறக்கும் விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். முதுகுப் பக்கம் ஒரு பயிற்சியாளரைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், பாராசூட்டெல்லாம் அவர் பாடு. டீச்சர் கேட்டதுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் குறுகுறுத்தது. நான் வாழ்க்கையில் நகை கேட்டதில்லை, வீடு கேட்டதில்லை. இதை மட்டும் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பாராசூட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் புக் செய்து முடித்த பிறகு, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்தக் கம்பெனியின் விதிகளை ஃபோனில் படித்தேன். பெண்கள் தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாதாம். போட்டிருக்கும் துணியோடும் ஷூவோடும் அங்கேயே நிறுத்துப் பார்ப்பார்களாம். அதற்கு மேல் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். நான் அப்போது தொண்ணூற்றெட்டு.

புக் செய்தவள் பார்லர்க்காரி. அவள் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். நானாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஐயோ பாவம், நீ கீழே நின்று எங்களை வீடியோ எடு என்பார்கள். மறுபடியும் செருப்புக்குக் காவல். அதனால் வாயை மூடிக்கொண்டேன், இரண்டு அர்த்தத்திலும்: யாரிடமும் சொல்லவில்லை, சாப்பாட்டையும் நிறுத்தினேன்.

வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று ஊருக்கே சொல்லி அனுப்புகிறவள் நான். அதை எனக்கே சொல்லிக்கொண்டேன். காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தேன். மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி மோர். நோயாளிகள் வருவதற்கு முன்னால் லேபின் எடை மிஷினில் ஏறி நிற்பேன். கிலோ இறங்க இறங்கத் தலை சுற்றியது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். அந்த நாட்களில் என்னிடம் இரண்டாவது குத்து வாங்கியவர்கள் அதிகம்.

சரியாக அந்தச் சமயம் பார்த்து என் தோழிகளுக்கு என் மேல் பாசம் பொங்கியது. பார்லர்க்காரி சிவாஜிநகரிலிருந்து பிரியாணி வாங்கி மருத்துவமனைக்கே கொடுத்தனுப்பினாள். டீச்சர் வீட்டுக்கு வரவழைத்து, போளி மாதிரி இனிப்பாக ஒப்பட்டு சுட்டு, அதன் மேல் நெய்யை ஊற்றினாள். "நல்லா சாப்டுடி, அங்க போனா வெறும் ரொட்டிதான் கெடைக்கும்" என்றாள். பிரியாணியை வார்டு ஆயாக்களுக்குக் கொடுத்தேன். ஒப்பட்டைத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து நாய்க்குப் போட்டேன். மனசு உறுத்தியது. இவ்வளவு அன்பாகச் செய்கிறவர்களை ஏமாற்றுகிறோமே என்று ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து கண் கலங்கினேன். அந்தக் கண்ணீரை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இளைத்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. பழைய தொளதொளப்பான சுடிதார்களையே போட்டுக்கொண்டு திரிந்தேன். முகம் டல்லாக இருக்கிறது, ஒரு ஃபேஷியல் போடலாமே என்றாள் பார்லர்க்காரி. அவ்வளவுதான் அவளுடைய பார்வை.

ஏர்போர்ட்டில் மூவருக்கும் ஒரே மாதிரி ரோஸ் கலர் டீ ஷர்ட்டை எடுத்து நீட்டினாள். என்னுடையது ஆம்பளை சைஸ், அதிலும் பெரியது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தலையணை உறை மாதிரி தொங்கியது. அவள் என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். பெரிதாக எடுத்துவிட்டேன் போல என்றாள். குரலில் ஏதோ நஷ்டப்பட்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

துபாயைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வெளியே அடுப்பு, உள்ளே ஃப்ரிட்ஜ். எங்கே திரும்பினாலும் கண்ணாடி, அதில் நாங்கள் மூவரும் ரோஸ் கலரில். கோபுரத்தின் மேலே நின்று, இதெல்லாம் நம் எம்.ஜி. ரோட்டில் வந்தால் பார்க்கிங்குக்கு எங்கே போவது என்று டீச்சர் கவலைப்பட்டாள். பாலைவனத்தில் ஜீப் மணல்மேடுகளில் ஏறி இறங்கியபோது அவள் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். சாயங்காலம் கூடாரத்தில் விருந்து. பார்லர்க்காரி என் தட்டில் கபாபை அடுக்கிக்கொண்டே இருந்தாள், நாளைக்குத் தெம்பு வேண்டும் என்றாள். ஒரு பூனை வந்து காலை உரசியது. அந்தக் கபாபெல்லாம் அதன் அதிர்ஷ்டம்.

மறுநாள் காலையில் குதிக்கும் இடத்துக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் ஒரு சிரித்த முகப் பெண். பக்கத்தில் தரையோடு தரையாக எடை மிஷின், பெரிய சிவப்பு எண்கள், வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்படி. பார்லர்க்காரி ஏறி இறங்கினாள். டீச்சர் ஏறி இறங்கினாள். அதுவரை யாரும் எதையும் படம் பிடிக்கவில்லை. நான் கால் எடுத்து வைக்கப்போகும்போது இரண்டு பேர் கையிலும் ஃபோன் எழுந்தது. டீச்சர் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பார்லர்க்காரி அவளிடம், "ஈக நோடு" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தாள். இப்போ பாரு என்று. பெங்களூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கன்னடம் தெரியாது பாருங்கள்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பிரியாணி, ஒப்பட்டு, கபாப், டீ ஷர்ட். அந்தத் தொண்ணூறு கிலோ விதி முதல் நாளிலிருந்தே தெரியும் இவர்களுக்கு. தெரிந்துதான் என்னை இவ்வளவு தூரம் அழைத்து வந்திருக்கிறார்கள், இந்த மிஷின் மேல் நிற்கவைத்துப் பார்க்க. ஏறினேன்.

எண்பத்தொன்பது கிலோ, கொஞ்சம் சில்லறை. மேஜைப் பெண் தலையசைத்தாள்.

ஃபோன்கள் அப்படியே நின்றன. பிறகு பார்லர்க்காரி ஒன்று செய்தாள். நான் செத்தாலும் அதை மறக்க மாட்டேன். மேஜைப் பக்கம் நகர்ந்து போய், மிஷினில் ஏதோ தப்பு இருக்கிறது, இன்னொரு தடவை நிறுத்துப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். நான் இறங்கி மறுபடி ஏறினேன். அதே எண்.

"தமாஷுக்குத்தான்டி" என்று டீச்சர் என் தோளைத் தொட்டாள். உன்னை இறக்கிவிடுவதை வீடியோ எடுத்து நம்ம தெரு குரூப்பில் போடலாம் என்று இவள்தான் சொன்னாள், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று கடகடவென்று ஒப்பித்தாள். அவள் ஃபோன் இன்னும் கையில்தான் இருந்தது. நான் சிரித்தேன். அழுதிருந்தால் அதையும் எடுத்திருப்பார்கள்.

டீச்சரை அடுத்த விமானத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். நானும் பார்லர்க்காரியும் ஒரே விமானத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம், முதுகில் ஆளுக்கொரு பயிற்சியாளர். கிளம்பும் முன்பே அவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மேலே போன பிறகு பயமாக இருந்தால் சொல்லுங்கள், யாரையும் தள்ளிவிட மாட்டோம், விமானத்திலேயே கீழே கூட்டிவந்துவிடுவோம் என்று. பார்லர்க்காரி அதைக் கேட்டுச் சிரித்தவள். பேரீச்ச மரம் மாதிரி கடலுக்குள் கட்டியிருக்கும் தீவு ஜன்னலில் சின்னதாகிக்கொண்டே போனது. எனக்குப் பசித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கதவைத் திறந்தார்கள். காற்றும் இன்ஜின் சத்தமும் காதை அடைத்தன. முதலில் போக வேண்டியவள் பார்லர்க்காரி. அவள் முகத்தில் லிப்ஸ்டிக் மட்டும்தான் மிச்சம் இருந்தது, மற்ற நிறமெல்லாம் போய்விட்டது. பார்லரில் வெளிநாட்டுக்காரிகளிடம் ஆங்கிலத்தில் வெளுத்துவாங்குகிறவள், ஒரு வார்த்தை ஆங்கிலம் வரவில்லை. எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வாயை என் காதோடு ஒட்டவைத்தாள்.

"என்னால முடியாதுடி. வேணாம்னு சொல்லு அவங்கிட்ட. ப்ளீஸ்டி, நீ சொல்லு."

அவளைக் கட்டியிருந்த பயிற்சியாளருக்கு அவள் முகம் தெரியாது. அவர் அவளுடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். சரியா என்று கட்டை விரலை உயர்த்திக் கேட்டார். நான் தலையை ஒரு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டியிருந்தால் போதும். அவள் பத்திரமாகக் கீழே இறங்கி, இடுப்பு வலி என்று எதையாவது சொல்லி, அடுத்த வாரம் பார்லரில் உட்கார்ந்து என்னைப் பற்றி வேறொரு தமாஷ் சொல்லியிருப்பாள்.

என் மணிக்கட்டிலிருந்து அவள் விரல்களை எடுத்துவிட்டேன். கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். அவருக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன், நன்றாகச் சிரித்துக்கொண்டே.

அவள் வாய் திறந்தது. சத்தம் வருவதற்குள் அவள் அங்கே இல்லை.

பிறகு நான் குதித்தேன். மனசாட்சி குத்தியது, சுகம் கசந்துபோனது என்றெல்லாம் எழுதினால் பொய். அப்படி ஒரு ஆனந்தத்தை நான் அனுபவித்ததே இல்லை. காற்று என் கன்னங்களை இழுத்துக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனது. கத்தினேன், கெட்ட வார்த்தைகளாகக் கத்தினேன், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கற்றவை எல்லாம் வெளியே வந்தன. பாராசூட் விரிந்ததும் எல்லாம் அமைதியாகிவிட்டது. கீழே கடல், மணல், பொம்மை மாதிரி கட்டடங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே தொங்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று பயிற்சியாளரைக் கேட்டேன்.

தரையில் இறங்கி, கட்டுகளை அவிழ்த்தபின் அவளைத் தேடிப் போனேன். புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். டீ ஷர்ட்டில் வாந்தி. பேண்ட் நனைந்திருந்தது. அதை மறைக்க முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். வாங்கினாள், குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மேல நான் சொன்னது அந்தச் சத்தத்துல உனக்குக் கேக்கல, இல்ல?"

அது கேள்வி இல்லை, கெஞ்சல். கேட்கவில்லை என்று நான் சொல்லிவிட்டால் போதும். அவள் நம்பியிருப்பாள், நம்பத்தான் காத்திருந்தாள். பழையபடி மூன்று பேரும் ஒரே தானில் துணி கிழித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நல்லாவே கேட்டுச்சு" என்றேன்.

அவள் தலையாட்டினாள். தண்ணீரைக் கொஞ்சம் குடித்து, பாட்டிலை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.