ஹல்வோர் பார்த்த முயல்

நாயின் இடது காதைத் தூக்கி, அதற்குள் மூக்கை நுழைத்து முகர்ந்துகொண்டிருந்தார் ஹல்வோர். அடுத்தது வலது காது. காட்டிலிருந்து திரும்பினால் முதல் வேலை இதுதான். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் உள்ளே புண் வரும். புண் வருவதற்கு இரண்டு நாள் முன்பே புளித்த மாவு வாடை வரும் என்பது அவர் கட்சி. "நாய் முயலை மோப்பம் பிடிக்குது, இவர் நாயை மோப்பம் பிடிக்கிறார். எனக்குக் காது வலிச்சா மட்டும், அலமாரியில மாத்திரை இருக்கு பாருன்னுவாரு" என்பாள் மனைவி குட்வெய்க்.

நாயின் பெயர் ராப். ஹால்டன் என்ற முயல்வேட்டை இனம். வெள்ளை உடம்பு, கறுப்புத் திட்டுகள், முகத்தில் கொஞ்சம் பழுப்பு. இந்த இனத்தில் ஒரு வருஷம் பிறக்கும் குட்டிகளையெல்லாம் ஹல்வோர் ஓட்டும் பேருந்தில் ஏற்றினாலும் பாதி இருக்கை காலியாகத்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு நாய் வைத்திருப்பவர்கூட இனத்தையே தன் தோளில் சுமப்பதைப் போல நடந்துகொள்வார். ஹல்வோர் கொஞ்சம் அதிகம். ராப்பின் விரலிடுக்கில் பனிக்கட்டி உறைந்திருந்தால் வாயால் ஊதி இளக்குவார். அங்கே முடியை வெட்ட யாராவது கத்தரிக்கோலைக் கொண்டுவந்தால் திட்டு விழும். புதரில் அடிபட்டு வால் நுனியில் ரத்தம் கசிந்தால் பன்றிக்கொழுப்பு தடவுவார். ஓடிக் களைத்து வந்ததும் தீனி கிடையாது. மீன் வெந்த தண்ணீர் வெதுவெதுப்பாக ஒரு கிண்ணம். மற்றதெல்லாம் ஒரு மணி நேரம் கழித்து.

நாய் குரைத்துக்கொண்டு ஓடும் சத்தத்தைக் கேட்டே, முன்னால் ஓடுவது என்ன என்று சொல்லிவிடுவார். முயல் வட்டமடித்துக் கிளம்பின இடத்துக்கே வரும். மான் பெரும்பாலும் நேராக அடுத்த ஊருக்குப் போய்விடும். முயலுக்கென்று பிறந்த நாய் மானைத் துரத்தினால் இந்தப் பக்கத்தில் அதைவிடத் தலைகுனிவு கிடையாது. நாயின் சொந்தக்காரர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கக்கூடக் கூசுவார்.

நாயைப் பற்றி எதையும் பேசும் ஹல்வோர், நாலு வருஷத்துக்கு முன் ஆரெமார்க் காட்டில் நடந்த போட்டியில் ராப் முதல் பரிசு வாங்கியதை மட்டும் பேசமாட்டார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் குனிந்து நாயின் நகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அடக்கமான மனுஷன் என்றார்கள். சொந்தப் பெருமை பேசுவது யாருக்கும் ஆகாத ஊர் இது. அவர் பேசாமல் இருக்க இருக்க மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அவருக்கு உள்ளுக்குள் கூசியது.

அன்று வலது காதை விடுவதற்குள் முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவள் டோர்டிஸ், ரொட்டி அடுமனையில் வேலை பார்ப்பவள். பரிசுக்குப் பிறகு ராப்பை ஒரு பெட்டை நாயோடு சேர்த்ததில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்றை வாங்கியவள். அந்தக் குட்டி, லிட்டா, இப்போது வளர்ந்து அவள் பக்கத்தில் நின்றது. வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"ஹல்வோர், உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமா இருக்கு."

"என்னாச்சு? உள்ள வா, காபி இருக்கு."

"காபி கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை மறுபடியும் மான் பின்னாடி ஓடிட்டா. ஸ்வீடன் எல்லையையே தாண்டிட்டா. அங்கேர்ந்து ஒருத்தன் போன் பண்ணி, 'உங்க நாய் லீவுக்கு வந்திருக்கும்மா, எப்ப திரும்புது?'ன்னு கேக்குறான்."

"சின்னது. சரியாயிடும்."

"எங்க சரியாவுது? ரெண்டு வயசு முடிஞ்சுது. நல்ல ரத்தம், முதல் பரிசு வாங்கின அப்பன். நான்தான் பழக்கத் தெரியாம கெடுத்துட்டேன். கட்டிப்போட்டா தன் காலையே கடிச்சுக்குது. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஊசி போட்டு முடிச்சுடலாம்னு. அதுக்கு முன்னாடி உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்."

ஹல்வோர் ராப்பின் நகத்தைப் பார்த்தார்.

அந்தப் போட்டி நாளில் மூடுபனி. நடுவர் யோஸ்டைன் கால் பிசகி, சதுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். ராப் ஒன்றரை மணி நேரம் குரைப்பதை நிறுத்தாமல் ஓடியது. தேவதாரு மரங்களின் இடைவெளியில் ஹல்வோருக்குப் பத்தடி முன்னால் குறுக்கே பாய்ந்தது மான். வெள்ளைப் பின்புறம் தெளிவாகத் தெரிந்தது. வாக்கிடாக்கியில் யோஸ்டைன் கேட்டார்: "கண்ணுல பட்டுச்சா? முயல்தானே?" ஹல்வோர், "முயல்தான்" என்றார். இருபது வருஷம் ஒரு நிமிஷம்கூடப் பேருந்தைத் தாமதமாக எடுக்காத ஆள். அவர் சொன்னால் யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள்.

லிட்டாவோடு பிறந்தவற்றில் இன்னும் இரண்டு மானைத்தான் துரத்தின. அவற்றின் சொந்தக்காரர்களும் தங்களையே நொந்துகொண்டதை ஹல்வோர் கேள்விப்பட்டிருந்தார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். வசந்தத்தில் ராப்பை இன்னொரு முறை ஒரு பெட்டையோடு சேர்க்கலாமா என்று யோஸ்டைன் போன வாரம் கேட்டபோதும், "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். அதை நினைக்க இப்போது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"நீ கெடுக்கல, டோர்டிஸ்."

"ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. இவ அப்பன் அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் துரத்தினதே மானைத்தான். நான் பார்த்தேன்."

"முயல்னு சொன்னியே?"

"சொன்னேன்."

அவள் குனிந்து லிட்டாவைப் பார்த்தாள். பிறகு, "ஒவ்வொரு தடவையும் இவளை அடிச்சிருக்கேன் ஹல்வோர். அடிச்சுட்டு வீட்டுக்குப் போய் அழுவேன்" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

ஹல்வோருக்கு முகம் காதுவரை சிவந்தது. டோர்டிஸ் பனியிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, கையில் சுற்றியிருந்த வாரை அவிழ்த்துவிட்டு, லிட்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உன்மேல ஒரு தப்பும் இல்லையாடி, கண்ணு? சொல்லக் கூடாதா நீ?" என்று நாயிடம் கேட்டாள். ஹல்வோர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"யோஸ்டைனுக்குத் தெரியுமா?" என்று நாயின் பிடரிக்குள்ளிருந்தே கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"மத்த ரெண்டு பேருக்கு?"

"இல்ல."

ஹல்வோர் கைபேசியை எடுத்து யோஸ்டைனின் எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே உற்சாகமான குரல் வந்தது, டோர்டிஸுக்கும் கேட்கிற அளவுக்கு: "சொல்லுப்பா! நம்ம மாப்பிள்ளை எப்படி இருக்கான்? கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாமா?"

ஹல்வோர் எழுந்து நின்றார். தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.