பம்பை மறந்த மெக்கானிக்

எங்கள் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'கோட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில், அதாவது வளைந்த சக்கரத்தை நேராக்குவதில், அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பி கம்பியாக முறுக்குவார். முப்பது வருஷமாக அதே கடை, அதே முக்காலி. பழுது பார்த்த சைக்கிளைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பார். அதற்கு மேல் அவர் எங்கேயும் போனதில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்து ஏழு வருஷம். மலைகளுக்கு அந்தப் பக்கம், நூற்றிருபது கிலோமீட்டர். நான் அடிக்கடி பஸ் ஏறிப் போய்விடுவேன். இவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட்டால், "கடையை யாரு பாத்துக்குவா?" போன மாதம் அவள் போனில் பொரிந்து தள்ளிவிட்டாள். "புது வீட்டுக்கு வந்துட்டோம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா இங்க இருக்கணும். இல்லன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன். கடையையே கட்டிக்கிட்டு அழட்டும்!"

உண்மை எனக்குத் தெரியும். பஸ் ஒரு வளைவு திரும்பினால் போதும், மனிதருக்குக் குடலே வெளியே வந்துவிடும். கல்யாணமான புதிதில் என் மடியிலேயே வாந்தி எடுத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று கெஞ்சினார். நானும் மடச்சி மாதிரி இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"சைக்கிள்லயே போறேன்" என்றார்.

"உங்களுக்கு என்ன இருபது வயசா? ஐம்பத்தாறு!"

"தள்ளிக்கிட்டாவது போறேன். அவகிட்ட சொல்லாதே. பாதியில திரும்பிட்டா அசிங்கம்."

சனிக்கிழமை விடியும்போதே கிளம்பிவிட்டார். நான் மத்தியான பஸ்ஸில் போனேன். இரண்டாவது மலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக ஏறி மிதித்தார். வீம்பு! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிறு மத்தியானம் ஒரு மணி தாண்டியது. இரண்டும் தாண்டியது. அப்பாவுக்காகப் போட்டிருந்த தட்டை மகள் பேசாமல் எடுத்து உள்ளே வைத்தாள். அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் இவர் குரல்.

"உன் வீட்ல சைக்கிள் பம்பு இருக்காம்மா?"

"என்னப்பா உளர்றீங்க? எங்க இருக்கீங்க?"

"உங்க ஊருக்கு மேல, மலை உச்சியில. சைக்கிள்ல வந்தேன். பஞ்சர். ஒட்டிட்டேன், காத்துதான் இல்ல. அப்படியே தள்ளினா டயர் கிழிஞ்சிடும். ரெண்டு மணி நேரமா ஒரு சைக்கிளும் வரல."

ஸ்பேனர், டயர் நெம்பி, ஒட்டுப்போடும் ரப்பர், பசை, மாற்று பால்ரஸ் குண்டுகள் எல்லாம் பையில் இருந்தன. பம்பு மட்டும் இல்லை. கடையில் காற்றுக் குழாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். ஊர் டயருக்கெல்லாம் காற்றடித்த மனிதருக்கு, காற்றையும் சுமந்து போகவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"பஸ்ல வந்திருக்கலாமேப்பா?"

"பஸ் ஏறினா வாந்தி வரும்மா. வெக்கமா இருந்துச்சு. அதான் கடை, கடைன்னு சொல்லிட்டேன்."

மகள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏழு வருஷம்மா!" என்றாள்.

மாப்பிள்ளை பைக் சாவியை எடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கல்லூரிக்குப் போக அவளுடைய அப்பா பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த பழைய சைக்கிளை வெளியே இழுத்தாள். அதோடு அவர் கொடுத்திருந்த பம்பைக் கேரியரில் செருகிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் மேட்டில் மிதித்துப் போனாள்.

நாலரை ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. பொறுக்கமுடியாமல் மாப்பிள்ளையைப் பார்த்துவரச் சொன்னேன். அவர் தனியாகத் திரும்பி வந்தார்.

"ரெண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றாங்க அத்தை."

"ஏன், காத்து அடிக்கலையா?"

"அடிச்சாச்சு. நானும் அதைத்தான் கேட்டேன். இறக்கமாச்சே, ஏறி உட்கார்ந்தா இருபது நிமிஷத்துல வீடு வந்துடுமாம். இன்னும் பேச நிறைய இருக்காம்."

உள்ளே வைத்த தட்டை எடுத்து மறுபடியும் போட்டேன். சாப்பாடு ஆறினால் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.