அவர் காங்கிரஸில் சேர்ந்த கதை

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்கு வந்த புதிதில் என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. வீட்டிலேயே இருந்து இருந்து மைக்ரோவேவிடம் பேச ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் ஊரில் நினைவில்லமாக இருந்த ஒரு பழைய வீட்டைப் பார்க்க வருபவர்களுக்குச் சுற்றிக் காட்ட சம்பளமில்லாத ஆள் தேவை என்று தெரிந்தது. அதை நடத்திவந்த அம்மாள், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நிலைத்தால் என் பெயர் போட்ட பேட்ஜ் தருவார்களாம். அந்த பேட்ஜ் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர் அமெரிக்கா தனி நாடாகப் பிறந்த புதிதில் மாநில சட்டசபையில் இருந்தவர். "பிறகு காங்கிரஸுக்குப் போனார்" என்றது அவர்கள் கொடுத்த குறிப்பு. எங்கள் மதுரைப் பக்கம் எம்.எல்.ஏ. ஒருவர் காங்கிரஸுக்குப் போனார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பழைய கட்சியின் பெயரை மரியாதைக்காக மறைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மூன்று சனிக்கிழமைகள் வெளுத்து வாங்கினேன். சீட் கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டு கட்சி தாவினார், காங்கிரஸில் சேர்ந்தார் என்று ஆங்கிலத்தில் கை கால் வைத்துச் சொன்னேன். "காங்கிரஸில் சேர்ந்தார்" என்பது பார்க்க வந்தவர்கள் காதுக்குச் சரியாகவே இருந்ததால் யாரும் திருத்தவில்லை. கொட்டாவி விட்டவர்கள்கூட கிட்டே வந்து கேட்டார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை என் கணவரும் வந்து கேட்டார். காரில் ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தார்.

"காங்கிரஸ்னா இங்க பார்லிமென்ட்டும்மா, கட்சி இல்ல. மூணு வாரமா இதையா சொல்லிட்டிருக்க?"

சிரித்த சிரிப்பில் நெடுஞ்சாலையிலிருந்து நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட்டையும் மிஸ் பண்ணினார். எனக்கு மானம் போயிற்று. பேட்ஜும் போயிற்று என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை போய் அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. சீட் கொடுக்காத விஷயம் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் அப்படித்தான் நடக்கும் என்றேன். இங்கேயும் அப்படி நடந்ததா பார்ப்போம் என்று அலமாரியிலிருந்து பழைய சொந்தக்காரரின் கடிதப் பிரதிகளை எடுத்து வந்தார். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மதியம் என் பங்கில் ஒரு கடிதம் அகப்பட்டது. தம்பிக்கு எழுதியது. முதல் பக்கம் முழுக்க மாட்டுக்கு வந்த சீக்கு. இரண்டாம் பக்கத்தில், தேசிய சபைக்குப் போட்டியிட சொந்தக் கட்சி தன்னை நிறுத்த மறுத்துவிட்டதால் எதிர்க்கட்சி சார்பில் நிற்கச் சம்மதித்துவிட்டதாக எழுதியிருந்தார். அந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். மாட்டைப் பார்த்ததும் இத்தனை வருடமும் பக்கத்தைத் திருப்பாமலே விட்டுவிட்டேன் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மேஜைமேல் பேட்ஜ் இருந்தது. என் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லவில்லை. அதைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய் என் கணவர் முன்னால் நின்றேன்.

"கட்சி தாவினது நிஜம்தாங்க. காங்கிரஸ் மட்டும்தான் தப்பு."