எண்ணெயைத் திட்டிய ஆறுமுகம்

ஆறுமுகம் போய்விட்டார். இன்று காலையில் அவருடைய மகள் போன் செய்து சொன்னாள்... ஹார்ட் அட்டாக்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் லெக்சரர்கள். அவர் கெமிஸ்ட்ரி, நான் பிசிக்ஸ். இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

அவருடைய பிஎச்டி அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் எண்ணெயைக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். கண்ணுக்கே தெரியாத துகள்களைச் சேர்த்தால் அவை எண்ணெய்த் துளிகளின் மேல் தோல் மாதிரி படிந்துகொள்ளும். துளிகள் ஒன்றோடொன்று சேராது. இதை ப்ரோக்ராம் எழுதித் திரையில் நடத்திக் காட்ட வேண்டும்.

இப்போது நானோ என்கிறார்கள். நாங்கள் 'பொடி' என்றுதான் சொல்லுவோம்.

ஆனால் அவருடைய ப்ரோக்ராமில் பொடியெல்லாம் ஓரமாக ஓடிவிடும். துளிகள் சேர்ந்து ஒரே உருண்டையாகிவிடும். மாதக்கணக்கில் இதே கதை... அதை அவர் சொந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

"ஏலே, தள்ளி நில்லுலே! அவன்கிட்ட போவாதங்கேன்லா!" என்று ஒருநாள் கத்திக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் போன பிரின்சிபால் உள்ளே தலையை நீட்டினார். "யாரவே இப்படி வையுதீரு?"

"எண்ணெய, சார்."

பிரின்சிபால் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "வீட்ல எதும் பிரச்சினையாவே அவருக்கு?"

கடைசியில் பார்த்தால்... ஒரு மைனஸ். பொடியைத் துளியோடு ஒட்டவைக்கும் வரியில் மைனஸுக்குப் பதில் ப்ளஸ் போட்டிருந்தார். அவரே கண்டுபிடித்தார்.

திருத்தி ஓடவிட்டதும் துளிகள் பொடியைப் போர்த்திக்கொண்டு தனித்தனியாக நின்றன. நின்றுகொண்டே இருந்தன. மனுஷன் அழுதுவிட்டார். பியூனைக்கூடக் கூட்டிவந்து காட்டினார்.

பியூன் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் சேரவே மாட்டேங்குதே சார், ரிப்பேரா?" என்றார்.

அந்த வாரம்தான் என் கல்யாணம். மறுநாள் பெண் வீட்டில் எங்கள் ஊர் வழக்கப்படி சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு அது. தீ கூடிப்போய் தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஆறுமுகம் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"பயப்படாதிய அத்தை. பொடியப் போட்டா பிரியாது."

அரிசி மாவை டப்பாவோடு கவிழ்த்தார்.

சொதி களியாகிவிட்டது. கரண்டி தானாக நின்றது. என்னிடம் வந்து பெருமையாகக் கேட்டார்: "பிரியலைல்லா?"

பந்தியில் யாரும் கை வைக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் ஆறுமுகத்துக்கு முகம் மாறியது. நேராகப் போய் முதல் இலையில் உட்கார்ந்தார்.

"அத்தை, இங்கன இன்னொரு கரண்டி விடுங்க."

திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்... வியர்த்து ஒழுக ஒழுக. முதலில் பக்கத்து இலை சிரித்தது. அப்புறம் பந்தியே சிரித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தது.

இன்று மத்தியானம் அவரைக் கடைசியாகப் பார்க்க நானும் மனைவியும் கிளம்புகிறோம். மாமியாரும் வருகிறேன் என்கிறார். படி இறங்கக்கூட முடியாது அவருக்கு. சொன்னால் கேட்கவில்லை... சேலை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

பைய போயிட்டு வாரும் வே, ஆறுமுகம்.