இரண்டாவது தட்டு

"மே மாசத்துல எவன் மச்சான் சங்கிலி மாட்டுவான்?"

"வீடு போய்ச் சேரணும்னு நினைக்கிறவன் மாட்டுவான். நிறுத்து மாப்பிள்ளை, அதோ நாலு பேர் நிக்கிறாங்க."

"முன்னால எத்தனை வண்டி நிக்குதுன்னு பாத்தீங்களா? நம்ம முறை வர்றதுக்குள்ள உங்க தங்கச்சி பெத்தே முடிச்சிடுவா."

"பெத்துட்டுப் போறா. நீ போய் என்ன, பக்கத்துல நின்னு முக்கப் போறியா?"

இந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. இனிச் சொல்லப்போவதிலும் கூட்ட மாட்டேன். நம்பாதவர்கள் அனிபால் மச்சானின் வலது கன்னத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உதட்டோரத்திலிருந்து காது வரைக்கும் பதினான்கு தையல்.

நான் ரமிரோ. சிலியிலிருந்து ஆண்டிஸ் மலையைத் தாண்டி மெண்டோசாவுக்கு லாரி ஓட்டுகிறவன். அன்று மே பன்னிரண்டு; எங்கள் மலையில் பனிக்காலம் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. வண்டியில் அவகேடோ பெட்டிகள். மெண்டோசா ஆஸ்பத்திரியில் என் மனைவி நெலிதாவுக்குக் காலை பதினொன்றுக்கே வலி கண்டுவிட்டது. முதல் பிள்ளை. அவளுக்கும் எனக்கும் நடுவே மலை. பக்கத்து இருக்கையில் அவளுடைய அண்ணன், வாய் ஓயாமல்.

மலையடிவாரத்தில் சங்கிலிக்காரர்கள் நிற்பார்கள். பனி விழுந்துவிட்டால் பின்சக்கரங்களில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக் கட்டி அனுப்புவது அவர்கள் பிழைப்பு. வண்டிக்கு அடியில் கிடப்பவனை ஓட்டுகிறவனால் பார்க்க முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒரு சக்கரம் முடிந்தால் கொக்கியால் மட்கார்டில் ஒரு தட்டு. அடுத்த சக்கரம் முடிந்தால் இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டு கேட்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எது நடந்தாலும் சரி.

என் லாரி பிப்ரவரியில் வாங்கிய பழைய வண்டி. மேலே புது நீலச் சாயம். இடது பின் மட்கார்டில் மட்டும் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம். கல் அடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சங்கிலிக்காரர்களைத் தாண்டிப் போனேன். ஒருவன் கையைக் காட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு முதல் பனி விழுந்தது. நான்கு ஐந்துக்கு வெண்காற்று பிடித்துக்கொண்டது. வெண்காற்று வந்தால் பனி மேலிருந்து விழாது, நாலு பக்கத்திலிருந்தும் பறக்கும். பகல்தான். ஆனாலும் வண்டியின் மூக்கு தெரியவில்லை. மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு முதல் பயம்.

நான்கு முப்பத்தொன்று. ஏற்றத்தில் ஒரு வளைவு. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கியது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். வலது பக்கம் அதலபாதாளம்.

"இப்ப என்ன செய்யறது, வீரரே?" என்றார் மச்சான்.

டொக். டொக்.

மச்சான் பக்கத்துக் கதவு. அவர் கண்ணாடியை இறக்கினார். கம்பளித் துண்டால் தலையையும் காதையும் சுற்றிய ஒரு ஆள். தோளில் சங்கிலி.

"சங்கிலி?"

"மாட்டுய்யா, நல்லா இருப்பே! எவ்வளவு?"

அவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

"விலை சொல்லாத சங்கிலிக்காரனை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றேன்.

"உன் மூஞ்சியைப் பாத்துப் பரிதாபப்பட்டிருப்பான்."

நாங்கள் சிரித்தோம். எங்கள் வாயிலிருந்து ஆவி பறந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் பேசியபோது... ஆவி வரவில்லை.

இடது சக்கரத்தில் இரும்பு உரசியது. கிணிங்... கிணிங்...

நான்கு முப்பத்தெட்டு. இடது மட்கார்டில் ஒரு தட்டு. டங்.

பிறகு அடியில் யாரோ ஊர்ந்து வலப்பக்கம் போகும் சத்தம். கிணிங்...

என் கால் பிரேக்கில். விறைத்துப்போயிருந்தது.

பக்கக் கண்ணாடியில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள் தெரிந்தன. மேல் வளைவிலிருந்து இறங்கி எங்களைக் கடந்து போன வண்டி எதுவும் இல்லை. அப்படியென்றால் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறது. ஆனால்... அது ஏறி வரும் வேகம் இல்லை. குறுக்காக, சறுக்கியபடி, எங்களை நோக்கியே வந்தது. ஒரு பஸ். ஹாரன் விடாமல் அலறியது.

"எடு மாப்பிள்ளை! வண்டியை எடு!"

"இன்னும் ஒரு தட்டு..."

"இடிச்சுத் தள்ளிடுவான்டா! நேரா பள்ளம்தான்! உன் பிள்ளை மூஞ்சியைப் பாக்க வேண்டாமா? எடு!"

கிணிங்... கிணிங்...

பஸ்ஸின் வெளிச்சம் என் கண்ணில் அடித்தது.

காலை எடுத்தேன்.

நான்கு நாற்பத்தொன்று.

வலது சக்கரம் எதன் மேலோ ஏறியது. மெத்தென்று இருந்தது. பிறகு மளுக்கென்றது. அடியிலிருந்து ஒரு அலறல்... பாதியில் அறுந்துபோனது.

நிறுத்த நினைத்தேன். முடியவில்லை. பூட்டாத சங்கிலி சக்கரத்தோடு சுழன்று சவுக்காய் அடித்தது. பளார். பளார். பளார். தகரம் கிழிந்தது. விளக்கு சிதறியது. பிரேக்கின் காற்றுக்குழாய் அறுந்து சீறியது. பிரேக் தானாகவே இறுகிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி பின்னோக்கிச் சறுக்கியது.

பள்ளத்தை நோக்கி.

அப்போது மச்சான் பக்கத்துக் கண்ணாடி வெடித்தது. வெளியிலிருந்து உள்ளே வந்தது ஒரு இரும்புக் கொக்கி. அவருடைய கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போய் முன்பலகையில் குத்தி நின்றது. ரத்தம் என் கழுத்தில் சூடாகத் தெறித்தது. கதவை யாரோ முஷ்டியால் அடித்தார்கள். தம். தம். தம். வண்டியே குலுங்கியது.

மச்சான் கத்தவில்லை. கத்த அவருக்கு வாய் இல்லை.

கர்ர்ர்...

இடது சக்கரம் பனிக்கட்டியைக் கடித்துப் பிடித்தது.

வண்டி நின்றது.

கதவில் விழுந்த அடியும் நின்றது.

என் பக்கமாக இறங்கினேன். பின்னால் பஸ் இல்லை. பஸ் வந்த தடமும் இல்லை. எங்கள் தடம் மட்டும்தான் இருந்தது.

குனிந்து அடியில் பார்த்தேன்.

யாரும் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காலடித் தடம் இல்லை.

வலது பின்சக்கரம் சாலையிலேயே இல்லை. அந்தரத்தில் தொங்கியது. அதற்குக் கீழே இருநூறு அடிக்கு வெறும் காற்று.

அங்கிருந்து சத்தம் வந்தது.

கிணிங்...

கிணிங்...

யாரோ இன்னும் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு இருபதுக்குப் பனி அள்ளும் வண்டி வந்து எங்களை மீட்டது. ஓட்டியவர் பெர்னாபே. முப்பது வருஷமாக அந்தச் சாலையில் இருப்பவர். மச்சானைப் போர்வையில் சுற்றி ஏற்றிவிட்டு, என் இடது சக்கரத்துச் சங்கிலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் கட்டினது?"

சொன்னேன். சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். 

அன்று இரவே எனக்கு மகள் பிறந்தாள். மச்சானுக்குத் தையல் போட்டார்கள். நான்காம் நாள் பேச வாய் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"மாப்பிள்ளை, அவன் என் பக்கத்துக் கதவைத்தானே தட்டினான்? அந்தப் பக்கம் நிக்க ஏதுடா இடம்?"

லாரியை இறக்கிக்கொண்டு வந்த பிறகு பெர்னாபே பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில், எங்கள் முன்பலகையிலிருந்து பிடுங்கிய கொக்கி.

"சங்கிலித் துண்டு அறுந்து பறந்துடுச்சுன்னு அறிக்கையில எழுதிட்டாங்க. எழுதிட்டுப் போகட்டும்," என்றார். "லவுதாரோன்னு ஒரு சங்கிலிக்காரன் இருந்தான். பத்தொன்பது வருஷம் ஆச்சு. இதே மாதிரி சீசனுக்கு முந்தி வந்த புயல். இதே வளைவு. இடது சக்கரம் முடிச்சு ஒரு தட்டு தட்டிட்டு வலது பக்கம் போனான். பின்னால வேகமா ஏறி வந்த பஸ் ஒண்ணு, பிரேக் பிடிக்காம சறுக்கிட்டு வந்துச்சு. லாரிக்காரன் பயந்துபோய் எடுத்துட்டான்."

"பஸ்?"

"பஸ்ஸுக்கென்ன? பத்தடி தள்ளி நின்னுடுச்சு. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்ல. லாரிக்காரன் எடுக்காமலே இருந்திருக்கலாம். லவுதாரோ பிழைச்சிருப்பான்."

"அந்த லாரி?"

 சங்கிலி அடித்து என் வண்டியின் நீலச் சாயம் உரிந்திருந்த இடத்தை விரலால் தடவினார். அடியில் பச்சை.

"பச்சை லாரிதான் அது," என்றார்.

பிறகு இடது மட்கார்டுக்குப் போனார். நான் கல் என்று நினைத்த பள்ளத்தில் கொக்கியின் முனையை வைத்தார்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த லாரியை நான் விற்கவில்லை. யார் தலையில் கட்டுவது? பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது. மலைப்பக்கம் நான் போவதே இல்லை.

இது நேற்று நடந்தது. காலை பத்து மணி. மெண்டோசாவில் நல்ல வெயில். என் மாமனாருடைய சின்ன கார். மகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பினோம். பின்னிருக்கையில் நெலிதா, மடியில் பிள்ளை. சாவியைத் திருப்பினேன். கால் பிரேக்கில்.

டங்.

இடது பக்கம். ஒரே ஒரு தட்டு.

பிள்ளை வீறிட்டு அழுதாள்.

பிறகு வலது பக்கம், அவள் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே...

கிணிங்...

"என்ன ரமிரோ, ஏன் நிக்கிறோம்?"

கிணிங்...

நெலிதாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஆவி வராத அந்த வாய். கெஞ்சுகிற குரல்.

"வலது பக்கம் இன்னும் முடியலப்பா... பிரேக்குலேர்ந்து காலை எடுத்துடாதே..."